60 கிலோ சோப்பில் ஒரு துவைகல்: ஒரே கட்டியாக ஊற்ற முடியுமா?

அரசலாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் சிற்பக்கலை கடைசி வருடம் படிக்கிறேன். பிப்ரவரியில் எங்கள் இறுதியாண்டுக் காட்சி. அதற்குத் துணி துவைக்கிற கல் ஒன்றை நிஜ அளவில் செய்யப்போகிறேன். கருங்கல்லில் இல்லை, சோப்பில்.

அரசலாற்றுப் படித்துறையில் கிடக்கிற பழைய கல் ஒன்றை டேப் வைத்து அளந்து வந்தேன். நீளம் 24 அங்குலம், அகலம் 18, உயரம் 9. நடுவில் மட்டும் உள்வாங்கித் தேய்ந்திருக்கிறது. எத்தனை பேர் துவைத்திருந்தால் கருங்கல் அப்படிக் குழியும்! நான் செய்யும் கல்லை வழவழப்பாக, குழியே இல்லாமல் வைக்கப்போகிறேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு மக்கு, சில கைத்துணிகள். வருகிறவர்கள் துவைக்கலாம். காட்சி முடிவதற்குள் கல் தேய வேண்டும். அதுதான் வேலை, அதற்கு மேல் விளக்கம் எதுவும் எழுதி ஒட்டப்போவதில்லை.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். காஸ்டிக் சோடாவும் தேங்காய் எண்ணெயும் வைத்து ஒரு கிலோ அளவில் சோப்பு செய்து பார்த்தேன். நன்றாக இறுகியது. ஆனால் இரண்டு நாள் கழித்துக் கத்தி வைத்தால் பாறை மாதிரி பெயர்ந்து பெயர்ந்து விழுகிறது, செதுக்கவே முடியவில்லை. அந்த அளவில் நான் வேண்டும் கட்டி கிட்டத்தட்ட 64 லிட்டர் கொள்ளளவு. ஒரே தடவையில் ஊற்றலாமா? அடுக்கடுக்காக ஊற்றினால் பின்னால் அடுக்கு பிரியுமா?

ஆசிரியர் ஒருவர், உள்ளே செங்கல் வைத்து மேலே சோப்பைப் பூசிவிடு என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தேய்க்கிறவர் கைக்கு ஒரு நாள் செங்கல் தட்டுப்பட்டால் எல்லாம் போச்சு. நண்பன் ஒருவன், நூறு பார் சோப்பு வாங்கித் துருவி உருக்கு என்கிறான். துருவி உருக்கிப் பார்த்தேன், உருகுவதற்குப் பதில் களி கிளறின மாதிரி கட்டி கட்டியாக நிற்கிறது. உருக்கி ஊற்றுவதற்கென்றே விற்கிற கண்ணாடி போன்ற சோப்பு வேண்டாம். விலையும் அதிகம், பார்த்தால் கல் என்ற நினைப்பே வராது.

கல்லூரிக் கொட்டகையில் இடம் இருக்கிறது. டிரில் மிஷின் இருக்கிறது. பக்கத்து அரிசி மண்டியில் 100 கிலோ தராசு இருக்கிறது, கேட்டால் தருவார்கள். பெரிய அளவில் சோப்பு ஊற்றியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

வீட்டுச்சோப்பு கோவை எழுதியது:

தம்பி, யோசனை அருமை. ஆனால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. நான் வீட்டில் சோப்பு செய்து விற்கிறேன், ஒரு ஈடுக்கு 10 கிலோவைத் தாண்டியதில்லை. அதனால் 60 கிலோவுக்கு வழி சொல்ல எனக்கு அனுபவம் இல்லை, எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன்.

எண்ணெயும் காஸ்டிக்கும் சேரும்போது சூடு கிளம்பும். சின்ன அச்சில் அந்தச் சூடு வெளியே போய்விடும். பெரிய கட்டியில் நடுவில் மாட்டிக்கொள்ளும். நடுப்பகுதி கண்ணாடி போல மாறி உப்பும், மேல்தோல் ஏற்கெனவே இறுகியிருந்தால் பிளக்கும். ரொம்ப மிஞ்சினால் பால் பொங்குகிற மாதிரி அச்சை விட்டு வெளியே வழியும். தேன், சர்க்கரை, கருப்பட்டி, ஆட்டுப்பால் எதையும் சேர்த்துவிடாதே, அவையெல்லாம் சூட்டை இன்னும் ஏற்றும். வாசனை எண்ணெயும் வேண்டாம். கிராம்பு, பட்டை எண்ணெய்களெல்லாம் கலக்கும்போதே கையோடு இறுகிப்போகும்.

கத்தி வைத்தால் பெயர்ந்து விழுகிறது என்றாயே, அது முழுக்கத் தேங்காய் எண்ணெய் போட்டதால். தேங்காய் எண்ணெய் சோப்பை இறுகிய சில மணி நேரத்திலேயே வெட்டிவிட வேண்டும், மறுநாள் என்றாலே தாமதம். செதுக்குவதற்கு அது ஆகாது.

காஸ்டிக் விஷயத்தில் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் அல்லது அடியில் 2, 5 என்று எண் போட்ட பிளாஸ்டிக் வாளி. கண்ணுக்குக் கண்ணாடி, முழங்கை வரை கையுறை, மூடிய செருப்பு. மேலே பட்டால் வினிகர், எலுமிச்சை என்று தேடி ஓடாதே, குழாயைத் திறந்து இருபது நிமிடம் தண்ணீரில் காட்டு. கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கரைத்த தண்ணீரைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. வேண்டாம், கொட்டகைக்கு எத்தனை பேர் வந்து போவார்களோ.

என்னைக் கேட்டால் இரண்டு இரண்டு அங்குல அடுக்காக ஊற்றுவேன்.

---

பழைய பார் சோப்பு எழுதியது:

தம்பி, விருதுநகர் பக்கம் 1984 முதல் 2009 வரை சின்னதாகப் பார் சோப்பு யூனிட் நடத்தியவன் நான். துணி சோப்பு, கட்டி சோப்பு இரண்டும். பிரேம் என்று சொல்வோம், நான்கு பக்கமும் கழற்றி மாட்டுகிற இரும்புத் தகட்டுப் பெட்டி. ஒரு பிரேமில் 200 கிலோ ஊற்றுவோம். மறுநாள் போல்ட்டைக் கழற்றிப் பக்கங்களை எடுத்தால் சோப்பு தனியாக நிற்கும், கம்பி போட்டு இழுத்துப் பலகை பலகையாக அறுப்போம். அதனால் உன் 60 கிலோ எனக்குப் பெரிய கட்டியே இல்லை.

கோவைத் தங்கச்சி சொன்ன எச்சரிக்கை எல்லாம் சரி. அடுக்காக ஊற்றச் சொன்னதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. நேற்று ஊற்றியது ஒரு ஈரம், இன்று ஊற்றுவது ஒரு ஈரம். காயும்போது இரண்டும் ஒரே அளவு சுருங்காது. சும்மா பார்வைக்கு வைக்கிற பொருள் என்றால் சமாளிக்கலாம். இதில் ஆளாளுக்கு ஈரத்துணியை ஓங்கி அடிக்கப் போகிறார்கள், அடுக்கு விட்டுக்கொடுக்கும். ஒரே ஊற்று, அதுதான் சரி.

சூட்டைப் பற்றிச் சொல்கிறேன். கட்டி பெரிதானால் சூடு ஏறும், உண்மை. ஆனால் பிளப்பது சூட்டால் மட்டும் இல்லை, நடு வெந்துகொண்டிருக்க ஓரம் ஆறிப்போவதால். நாங்கள் பிரேமைச் சுற்றி முதல் சில மணி நேரம் சாக்குப் போட்டு மூடுவோம், ஓரமும் நடுவும் சேர்ந்தே வெந்து சேர்ந்தே ஆறட்டும் என்று. ஆரம்பச் சூடு குறைவாக இருக்க வேண்டும், அதுதான் கடிவாளம். எண்ணெய் 35 டிகிரி, காஸ்டிக் தண்ணீர் அறைச்சூட்டில். பக்கத்திலேயே உட்கார்ந்திரு. நடுவில் முதுகு மாதிரி மேடு கிளம்பினால் மேல் சாக்கை மட்டும் எடுத்துவிட்டு ஒரு பெடஸ்டல் ஃபேனைத் திருப்பு. அடங்கிவிடும்.

கணக்கு இப்படி. அச்சின் கொள்ளளவு லிட்டரில் எவ்வளவோ, அதை 0.69 ஆல் பெருக்கினால் எண்ணெய் கிலோவில் வரும். உனக்கு 44 கிலோ. பாதி பாமாயில், 22 கிலோ. தேங்காய் எண்ணெய் 11. கடலை எண்ணெய் 11. கடையில் பாமாயில் என்று தருவது பெரும்பாலும் பாமோலின், கொஞ்சம் மிருதுவாக வரும், செதுக்க அதுதான் வசதி. டின் 15 கிலோ, ஒன்றரை டின் வாங்கினால் போதும். ரேஷன் பாக்கெட்டை வீடு வீடாகப் போய்ச் சேர்க்கலாம் என்று யோசிக்காதே. செய்வாய், உன் வயதில் நானும் செய்திருப்பேன். எங்கே வாங்கினாலும் நிறுத்துத்தான் ஊற்ற வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ இல்லை, சுமார் 910 கிராம். 44 லிட்டரை 44 கிலோ என்று எண்ணினால் நாலு கிலோ எண்ணெய் குறையும். காஸ்டிக் மிஞ்சி நிற்கும், துவைக்க வருகிறவர்களின் கை வெந்துபோகும்.

காஸ்டிக், தேங்காய் எண்ணெய் கிலோவுக்கு 183 கிராம், பாமாயிலுக்கு 141, கடலை எண்ணெய்க்கு 136. கூட்டினால் 6 கிலோ 611 கிராம். அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்து 6 கிலோ 280 போடு. கொஞ்சம் எண்ணெய் மிஞ்சி நிற்பதுதான் கைக்குப் பாதுகாப்பு. காஸ்டிக் பிளேக்ஸ் புதிதாகப் பிரித்த பையிலிருந்து வாங்கு. திறந்து கிடந்தது காற்றில் ஈரம் குடித்து எடை கூடியிருக்கும், கணக்கு தப்பும். தண்ணீர் காஸ்டிக்கைப் போல ஒன்றரை மடங்கு, 9 கிலோ 420. வழக்கமாக இரண்டு மடங்கு ஊற்றுவார்கள். உனக்குக் குறைவாகத்தான் வேண்டும், காரணம் பின்னால் சொல்கிறேன். முந்தின நாளே மூன்று வாளியாகப் பிரித்து, ஒவ்வொரு வாளியையும் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்து, காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரை. மொத்தத்தையும் ஒரே வாளியில் கொட்டினால் தண்ணீர் கொதித்துத் தெறிக்கும். திறந்த வெளி, காற்று வரும் பக்கம் உன் முதுகு இருக்கட்டும்.

அடுத்தது நீ கேட்காத ஒன்று. மாக்கல் மாவு 6 கிலோ சேர். கல்சட்டி செய்கிறார்களே, அதே கல். சோப்புச் சாமான் விற்கிற கடையில் சோப்ஸ்டோன் பவுடர் என்று கேள். துணி சோப்பில் எடைக்காகப் போடுவார்கள் என்று ஊரே எங்களைத் திட்டும், எடைக்கும்தான் போட்டோம், மறுக்கவில்லை. ஆனால் மாவு காயாது, சுருங்காது. சோப்பு சுருங்குவதை அது தடுத்துப் பிடிக்கும். உனக்கு இன்னொரு லாபம், நிறம் சாம்பலாக, கல் மாதிரியே வரும். சிலிக்கேட் மட்டும் போடாதே. பார் சோப்புக்கு அது இறுக்கம் தரும், ஆனால் உன் உளி மழுங்கும், ஓரம் கண்ணாடி மாதிரி சில்லு சில்லாகப் போகும்.

மாவை முதலில் எண்ணெயில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள். 100 லிட்டர் நீல டிரம் ஒன்றை வாங்கி மேல்பக்கத்தை அறுத்துக்கொள், டிரில்லில் பெயின்ட் கலக்குகிற துடுப்பை மாட்டு. எவர்சில்வர் துடுப்பு வேண்டும். நிதானமாகச் சுற்று, காற்றை உள்ளே அடித்தால் குமிழ் நிற்கும், செதுக்கும்போது ஓட்டை ஓட்டையாக வெளியே வரும். தோசை மாவுப் பதம் வந்ததும் ஊற்று. அதற்கு மேல் இறுகவிட்டால் டிரம்மிலேயே நின்றுவிடும்.

அச்சுக்கு சென்ட்ரிங் பலகை கேள். கட்டட வேலைக்கு வைக்கிற வழவழப்பான பிளைவுட் கிடைத்தால் நல்லது. உள்ளே பாலிதீன் விரித்துவிடு. ஊற்றியதும் பக்கத்துப் பலகை பிதுங்கப் பார்க்கும், வெளியே ரீப்பர் கட்டை வைத்து முறுக்கிக் கட்டு. உயரத்தை 10 அங்குலத்துக்கு அடி, பொங்கினாலும் இடம் இருக்கும். தண்ணீரைக் குறைத்ததால் சோப்பு 9 அங்குலம் நிற்காது, எட்டேகால் நிற்கும். முக்கால் அங்குலம் குறைந்ததைப் படித்துறைக்குப் போய் எவன் ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறான்?

ஊற்றுவது இவ்வளவுதான். பெரிய கட்டியில் தலைவலி காய்வதில்தான். நாங்கள் 200 கிலோ ஊற்றினோமே தவிர, 200 கிலோவாக ஒரு நாளும் காய வைத்ததில்லை. அறுத்து அடுக்கிவிடுவோம். உன் கட்டியில் வெளியே ஒரு அங்குலம் காய்ந்து சுருங்கும், உள்ளே மூன்று மாதம் ஆனாலும் ஈரம் அப்படியே இருக்கும். தோல் இழுக்கும், வயிறு இடம் கொடுக்காது. அப்போது விழும் பார் ஒரு பிளவு. தண்ணீரைக் குறைக்கச் சொன்னதும் மாவு போடச் சொன்னதும் இதற்காகத்தான். உள்ளே செங்கல் வைக்கச் சொன்ன ஆசிரியருக்கும் இதுதான் பதில். செங்கல் சுருங்காது, அதைச் சுற்றி இருக்கும் சோப்பு சுருங்கும், நான்கு மூலையிலும் கிழியும்.

---

அரசலாற்றங்கரை எழுதியது:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை.

காய்வது பற்றிப் படித்ததும் களிமண் நினைவு வந்தது. நாங்கள் பெரிய மண் உருவம் செய்தால் அடியில் குடைந்து, சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்கும்படி விட்டுவிடுவோம். அய்யனார் குதிரை நெடுநெடுவென்று நிற்பதும், சூளையில் வெடிக்காமல் இருப்பதும் உள்ளே வெறுமையாக இருப்பதால்தான். சோப்புக் கட்டியையும் கவிழ்த்துப்போட்டு அடியில் 18 க்கு 12, ஆழம் 5 என்று குடைந்தால் சுற்றிலும் மூன்று அங்குலச் சுவர் நிற்கும். கிட்டத்தட்ட 18 கிலோ குறையும், தூக்கவும் சுலபம். துவைக்கிறவர்கள் அடிக்கிற அடியைத் தாங்குமா?

இன்னொன்று. கடைகளில் சோப்பு நான்கு முதல் ஆறு வாரம் காய வேண்டும் என்கிறார்கள். ஜனவரி முதல் வாரம் ஊற்றினால் பிப்ரவரி நடுவில் காட்சி. அதற்குள் இது காயுமா?

---

பழைய பார் சோப்பு எழுதியது:

குடைகிற யோசனை நன்று. மூன்று அங்குலம் தாங்கும். அடி விழுவது நடுவில்தான், அந்த இடத்தில் மட்டும் மூன்றரை நான்கு விடு. குடைந்த ஓரத்தைக் கூர் மூலையாக விடாமல் உள்ளங்கையால் உருட்டிவிடு, விரிசல் எப்போதும் மூலையில்தான் தொடங்கும்.

காய வேண்டுமா என்று ஏன் கேட்கிறாய்? நீ இதைச் சோப்புப் பெட்டியில் வைத்து விற்கப்போகிறாயா? முதல் நாளிலிருந்தே தண்ணீர் ஊற்றப்போகிற பொருள் இது. குளிக்கிற சோப்பைக் காய வைப்பது நீண்ட நாள் உழைக்கட்டும், சொதசொதவென்று கரையாமல் இருக்கட்டும் என்று. உனக்குக் கரையத்தானே வேண்டும்! காஸ்டிக்கின் காரம் அடங்குவதுதான் முக்கியம். பெரிய கட்டி சாக்குக்குள் நன்றாக வெந்தால் அது சீக்கிரமே அடங்கிவிடும். அப்படியும் ஒரு வாரம் போகட்டும். அப்புறம் நடுவிலிருந்து குடைந்தெடுத்த துண்டை ஈர விரலால் தேய்த்து நாக்கு நுனியில் லேசாக வை. சுருக்கென்று மின்சாரம் மாதிரி இழுத்தால் காரம் இருக்கிறது, சோப்பு மாதிரிக் கசந்தால் சரி. மேல்பகுதியில் மட்டும் சோதிக்காதே, நாலு இடத்தில் பார். அது தெரியும் வரை கையுறையோடு செதுக்கு.

ஆக, வரிசை இதுதான். ஊற்று. கட்டி முழுக்க ஆறும் வரை அச்சைக் கழற்றாதே, உன் அளவுக்கு இரண்டு நாளாவது ஆகும், பலகை மேல் கை வைத்தால் துளி வெதுவெதுப்பும் தெரியக் கூடாது. கழற்றியதும் அந்த வாரத்திலேயே செதுக்கு, குடை. அப்போதுதான் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். பெரிய பரப்பைக் கம்பி போட்டு இழுத்தே எடுத்துவிடலாம், இரண்டு முனையிலும் கட்டைத் துண்டு கட்டிக்கொள், விரலை அறுக்கும். வேலை முடிந்ததும் பாலிதீனில் சுற்றி வை. காற்றே படாமல் இறுக்கிக் கட்ட வேண்டாம், தளர்வாகச் சுற்றினால் போதும், தினமும் கொஞ்ச நேரம் திறந்து வை. ஃபேனுக்கு நேரே வைத்தாயானால் அன்றே பிளவு. மேலே வெள்ளையாகச் சாம்பல் பூத்தால் பயப்படாதே, சோடா பூப்பது, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

முதலில் ஒரு கிலோ இதே கணக்கில், மாவோடு சேர்த்துச் செய்து பார்த்துவிடு. நான் சொன்னேன் என்பதற்காக 44 கிலோ எண்ணெயில் இறங்காதே. நான் கடையை மூடி வருடம் பல ஆகிவிட்டது.

ஒரு பழைய சங்கதி, உனக்குப் பயன்படுமா தெரியவில்லை. அந்தப் படித்துறைக் கல் குழிந்ததில் பாதிக் காலம் சோப்பே கிடையாது. உவர்மண்ணும் வெள்ளாவியும்தான். உவர்மண்ணில் இருப்பதும் ஒருவகைச் சோடாதான், அழுக்கு அதில் ஊறி, ஆவியில் வெந்து, கல்லில் அடிபட்டுப் போனது.

---

கூடமும் சுவரும் எழுதியது:

சென்னையில் கண்காட்சிகளுக்குச் சட்டம் மாட்டுவது, மேடை அமைப்பது என் வேலை. சோப்பு எனக்குத் தெரியாது, ஆனால் கூடத்துக்குள் தண்ணீர் வரும் வேலைகளைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு ஆறுதல். இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் கேள்வி கேட்டால் சொல்லலாம். கொரியாவைச் சேர்ந்த மீக்யோங் ஷின் 2012ல் லண்டன் கேவண்டிஷ் சதுக்கத்தில் ஒரு குதிரைவீரன் சிலையைச் சோப்பில் செய்து வைத்தார். அங்கே நின்ற பழைய சிலையை 1868ல் அகற்றிவிட்டார்கள், பீடம் மட்டும் காலியாகக் கிடந்தது. அதன் மேல் சோப்புச் சிலையை ஏற்றி மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிட்டார். மோனா ஹத்தூம் 1996ல் ஜெருசலேமில் பாலஸ்தீனத்து நாப்லுஸ் ஊர்ச் சோப்புக் கட்டிகளை ஆயிரக்கணக்கில் தரையில் பரப்பி, அதன் மேல் சிவப்பு மணிகளைப் பதித்து, இஸ்ரேலும் பாலஸ்தீனமும் செய்துகொண்ட ஒஸ்லோ ஒப்பந்தத்தின் வரைபடத்தைக் கோடாக இழுத்தார். நாப்லுஸ் சோப்புக்காரர்களும் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தரையில்தான் ஊற்றி அறுக்கிறார்கள். அறுத்த கட்டிகளை இடையில் காற்றுப் போகும்படி ஆளுயரக் கூம்பாக அடுக்கிக் காய வைப்பார்கள். மேலே ஐயா சொன்ன அதே விஷயம், ஊற்றும்போது பெரிதாக, காயும்போது சின்னதாக.

இனி உன் கூடத்துக்கு வருவோம். தண்ணீர் எங்கிருந்து வரும்? கல்லூரி போர்வெல் என்றால் ஒரு மக்கு எடுத்து உன் ஒரு கிலோ சோப்பில் தேய்த்துப் பார்த்துவிடு. உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நுரைக்குப் பதில் திரிதிரியாகச் சாம்பல் படலம் கட்டும். அது கல்லின் மேலேயே ஒட்டிக்கொண்டால் தேய்வது நின்றுபோகும், பார்க்கவும் அசிங்கம். அப்படியானால் கேன் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோதான்.

அப்புறம் வழுக்கல். இதை யாரும் யோசிப்பதில்லை. மொசைக் தரையில் சோப்புத் தண்ணீர் சிந்தினால் முதல் மணி நேரத்திலேயே யாராவது விழுவார்கள், அவர்கள் அநேகமாகச் சிறப்பு விருந்தினராக இருப்பார்கள். ஆறடிக்கு நாலடி தகரத் தட்டு ஒன்று அடித்து வாங்கு. தகரம் என்றால் இரும்பு, அலுமினியம் இல்லை. அதில் முக்கால் இஞ்ச் ஜல்லி நிரப்பி, கல்லை ஜல்லி மேல் உட்கார வை. தட்டின் ஒரு மூலையில் ஓட்டை போட்டுக் குழாய் விட்டுச் சாக்கடைக்குக் கொண்டுபோ. துவைக்கிறவர் நிற்பதும் ஜல்லி மேலேயே இருக்கட்டும், தரைப்பக்கம் சணல் சாக்கு விரி. குளத்துக்கோ வாய்க்காலுக்கோ அந்தத் தண்ணீரை விடாதே, மீன் செத்துப்போகும்.

---

வீட்டுச்சோப்பு கோவை எழுதியது:

அடுக்காக ஊற்றச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஐயா சொன்ன காரணம் சரிதான். சாக்குப் போட்டு மூடுவதில் மட்டும் எனக்கு இன்னும் பயம் இருக்கிறது. தம்பி, ஒரு கறிக்கடைத் தெர்மாமீட்டரை, அதாவது கம்பி மாதிரி நீளமாகக் குத்துவதை, நடுவில் செருகி வைத்துப் பார்த்துக்கொள். 80 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் பக்கத்துச் சாக்கையும் எடுத்துவிடு.

குடைந்தெடுக்கிற 18 கிலோவைத் தூக்கிப் போட்டுவிடாதே. செதுக்கிய தூளையும் சேர்த்து ஒரு டப்பாவில் மூடி வை. காட்சிக்கு முன்னால் எங்காவது மூலை உடைந்தால், அந்தத் தூளில் கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பிசைந்து பூசிவிடலாம். அதே ஈடு, அதே நிறம், ஒட்டு தெரியாது.

---

அரசலாற்றங்கரை எழுதியது:

இன்று சேலம் போகும் நண்பனிடம் மாக்கல் மாவுக்குச் சொல்லிவிட்டேன். தட்டு அடிக்கப் பட்டறையில் விலை கேட்டாயிற்று, எதிர்பார்த்ததை விட அதிகம், கேட்டரிங்காரர் ஒருவரிடம் பழைய தகரத் தட்டு இருக்கிறதாம், நாளை போய்ப் பார்க்கிறேன். போர்வெல் தண்ணீரில் தேய்த்துப் பார்த்தேன், அண்ணன் சொன்னபடியே திரிதிரியாக வருகிறது. மழைத் தண்ணீர்தான்.

ஐயா, கடைசியாக ஒன்று. தேங்காய் எண்ணெய்க்குப் பதில் முழுக்கப் பாமாயிலும் கடலை எண்ணெயுமே போட்டால் இன்னும் மிருதுவாகச் செதுக்கலாமே, பணமும் மிச்சம்?

---

பழைய பார் சோப்பு எழுதியது:

நுரைக்காது தம்பி. துவைக்கிற சோப்பில் நுரை இல்லை என்றால் இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு மக்கை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தேங்காய் எண்ணெய் 11 கிலோ அப்படியே இருக்கட்டும். பணம் போதவில்லை என்றால் கடலை எண்ணெயைக் குறைத்து அந்த எடைக்குப் பாமாயில் போடு, கிலோவுக்கு 5 கிராம் காஸ்டிக் மட்டும் கூடும். புதிய கணக்கைப் போட்டதும் இங்கே எழுது, ஊற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை நான் கூட்டிப் பார்த்துவிடுகிறேன்.